கட்டைவிரலுக்குக் கீழே

2024 ஜூன் 12 – காணி முற்பணம் – ரூ. 400,000
2024 ஜூலை 3 – தொழிற்சாலைக்கு முதல் தவணை – ரூ. 142,272
2024 ஓகஸ்ட் 21 – தொழிற்சாலைக்கு மீதி – ரூ. 327,600
2024 ஓகஸ்ட் 21 – வங்கிக் கட்டணம், இரண்டு தடவைக்கும் – ரூ. 9,850
2024 செப்டெம்பர் 24 – கடல் கூலி – ரூ. 51,850
2024 ஒக்டோபர் 1 – துறைமுகத்தில் இறக்கும் கட்டணங்கள் – ரூ. 118,300
2024 ஒக்டோபர் 18 – களஞ்சிய வாடகை – ரூ. 64,600
2024 ஒக்டோபர் 18 – வரிகளும் தரகர் கூலியும் – ரூ. 97,400
2024 ஒக்டோபர் 19 – கொழும்பிலிருந்து லொறி – ரூ. 42,000
2024 ஒக்டோபர் 26 – பிளக் – ரூ. 51,000
2024 நவம்பர் 2 – பசை – ரூ. 3,150
2024 நவம்பர் 4 – கியூடெக்ஸ், பச்சை, 31 குப்பி – ரூ. 5,580
2024 டிசம்பர் 31 – காணி மீதி – ரூ. 860,000

கண்டி கட்டுக்கலையில், மேலேறும் படிக்கட்டு ஒன்றின் அடியில் சிறிய புத்தகக் கடை ஒன்று இருக்கிறது. கொப்பி, பேனை, பிரிஸ்டல் போட், பசை என்று பள்ளிக்கூடத்துக்கு வேண்டியவை அங்கே கிடைக்கும். கடையை நடத்துகிறவள் சஞ்சீவனி. வயது முப்பத்தொன்பது. கடைக்கு மேலேயுள்ள அறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன்; ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய வரவு செலவை எழுதிக் கொடுப்பேன். மேலேயுள்ள தொகைகள் அந்தக் கணக்கிலிருந்து எடுத்தவை. அவற்றுக்கு இடையில் நடந்ததைத்தான் எழுத நினைத்தேன்.

சஞ்சீவனி பிறந்தது ஹந்தானை மலையில், தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். தகப்பன் கறுப்பையாவோடும் கணவன் ஜீவனோடும் இன்றும் அதே ஒற்றையறைக் காம்பராவில்தான் இருக்கிறாள். ஜீவன் பேராதனை ஆஸ்பத்திரியில் சிற்றூழியர். மார்கழி மாதக் காலையில் அந்த லயத்து வாசலில் நின்றால் கீழே நகரம் இராது. மலைகளுக்கு நடுவே பால் தேங்கி நிற்பது போலப் பனி நிற்கும். அதன் அடியிலிருந்து பஸ் ஹோர்ன் சத்தமும் பேராதனைச் சந்தியில் ரயில் கூவுவதும் மட்டும் மெல்ல ஏறி வரும். ஒரு நகரம் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போலிருக்கும்.

அந்த லயத்து வீடுகளுக்குத் தனித்தனி இலக்கம் இல்லை. எல்லோருக்கும் வரும் கடிதங்கள் தோட்ட அலுவலகத்தின் விலாசத்துக்கே வரும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்து பெயரைச் சொல்லிக் கொடுப்பார்கள். கறுப்பையா என்ற பெயரில் அங்கே நான்கு பேர் இருந்தார்கள்: கோழிக் கறுப்பையா, டவுசர் கறுப்பையா, மேட்டுலயக் கறுப்பையா, பெக்டரிக் கறுப்பையா. கடைசியாகச் சொன்னவர்தான் சஞ்சீவனியின் தகப்பன். அவளுடைய இருபதாவது வயதில் ஆசிரியர் நியமனத்துக்கான நேர்முகப் பரீட்சைக்கு அழைத்து, தகப்பன் பெயரிட்டு ஒரு கடிதம் வந்தது. அது டவுசர் கறுப்பையாவின் கைக்குப் போயிற்று. அவர் அதை ஏதோ அரசாங்கக் காகிதம் என்று மதித்து, மழையில் நனையாதபடி கூரைத் தகரத்தின் கீழே பத்திரமாகச் செருகி வைத்தார், பிறகு மறந்துவிட்டார். கடிதம் சஞ்சீவனியிடம் வந்தபோது நேர்முகப் பரீட்சை முடிந்திருந்தது.

யாரும் சண்டை போடவில்லை. டவுசர் கறுப்பையா இன்றும் அவளைக் கண்டால், "அன்னைக்கே கூரைய ஒரு தடவ பார்த்திருக்கலாம் தாயி" என்பார். அவளும், "இப்ப என்னத்த செருகி வச்சிருக்கீங்க மாமா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. ஓர் இலக்கமும் ஒரு வீதியின் பெயரும் சேர்ந்த விலாசம் வேண்டும். தபால்காரர் நேரே வந்து நின்று கூப்பிட வேண்டும். வீடு எப்படி இருக்க வேண்டும் என்று அவள் பேசி நான் கேட்டதில்லை. வாசல் படலை எந்தப் பக்கம், கடிதப் பெட்டி எந்த உயரம் என்று மட்டும் பேசுவாள்.

2024 ஜூனில் அந்த விலாசம் கிடைத்தது. கலஹா வீதியில், இலக்கம் 41/3, பத்துப் பேர்ச், அதாவது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு, வெறுங்காணி. ஓரத்தில் ஒரு பலா மரம். சொந்தக்காரி பத்மாதேவி, பேராதனை ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக்காரர். மகளோடு வாழக் கனடாவுக்குப் புறப்பட இருந்தார். ஜீவனை ஆஸ்பத்திரியில் வைத்தே தெரியும். பேர்ச் ஒன்று ஒரு லட்சத்து எண்பதாயிரம். முற்பணம் நான்கு லட்சம். மீதிப் பதினான்கு லட்சத்தையும் டிசம்பர் 31க்குள் கட்ட வேண்டும், தவறினால் காணி வேறு கைக்குப் போகும் என்று ஒப்பந்தம். அதை உறுதிப்படுத்தி, காணிப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு அனுப்பிய முதலாவது கடிதம் கடை விலாசத்துக்கு வந்தது.

முற்பணம் போக அவர்களிடம் மிஞ்சியிருந்தது ஆறு லட்சத்து இருபதாயிரம். ஆறு மாதத்தில் அது பதினான்கு லட்சமாக வேண்டும். சஞ்சீவனிக்குப் பூமி உருண்டைகள் நினைவுக்கு வந்தன.

அதற்கு முந்திய மாதம் இரண்டு பள்ளிக்கூடங்கள் அவளிடம் பூகோள உருண்டை கேட்டிருந்தன. கொழும்பில் விலை ஐயாயிரத்துக்கு மேல். சீனத்துத் தொழிற்சாலை ஒன்று, உள்ளே மின்குமிழ் எரியும் உருண்டையை இரண்டு டொலர் அறுபது சதத்துக்குத் தருவதாகத் தொலைபேசியில் காட்டியது. அறுநூறு வாங்கினால் கடல் கூலியோடு ஒன்று எண்ணூற்று எழுபது ரூபாய்க்கு வந்து சேரும். இரண்டாயிரத்து நானூறுக்கு விற்கலாம் என்று கணக்குப் பார்த்தாள். எல்லாம் விற்றால் பதினான்கு லட்சத்து நாற்பதாயிரம்.

திகனையில் பென்சி சாமான் கடை வைத்திருக்கும் றுமைஸாவிடம் யோசனை கேட்டாள். றுமைஸா முன்பு தலைக்கிளிப்பும் பிளாஸ்டிக் பூக்களும் இறக்குமதி செய்தவர். இங்கத்தைய முஸ்லிம்கள் வழக்கில் அக்காவைத் தாத்தா என்பார்கள். சஞ்சீவனியும் அவரை அப்படியே அழைப்பாள்.

"சாமான்ட விலைய பாத்து ஆசப்படாதீங்க தங்கச்சி," என்றார் றுமைஸா. "நானும் ஒரு தரம் பூ எறக்கினேன். பூவுக்கு கொஞ்சம்தான் காசு. மத்ததெல்லாம் வேற வேற ஆளுக்கு போன காசு. பெட்டி எவ்வளவு பெரிசுன்டு கேட்டீங்களா?"

"கேட்டேன் தாத்தா. பெட்டி பெருசுதான், ஆனா கனமே இல்லங்க. ஒரு உருண்ட முந்நூறு கிராம் கூட வராது."

"கனத்த யாரு கேட்டா?"

சஞ்சீவனி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொதி அனுப்புவதென்றால் அவளுக்குத் தெரிந்தது தபால் கந்தோர்த் தராசு. அங்கே எடைக்குத்தான் காசு. கப்பலில் இடத்துக்குக் காசு என்பது பின்னர்தான் தெரிந்தது.

பணம் அனுப்புவதற்கு முன் சாமானைப் பார்த்துவிட வேண்டும் என்றிருந்தாள். லயத்தில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. மேலேயுள்ள பாறையில் கிடைக்கும். ஜூலை முதலாம் திகதி பின்னேரம் மூன்று பேரும் பாறையில் போய் அமர்ந்தார்கள். பனி வந்து போய்க்கொண்டிருந்தது. தொலைபேசியில் சீனத்துப் பெண்ணொருத்தி சிரித்தாள். ஒரு கையில் உருண்டையைத் தூக்கி மெல்லச் சுற்றிக் காட்டினாள். ஆபிரிக்கா வந்தது. அரேபியா வந்தது. பிறகு மஞ்சள் நிறத்தில் இந்தியா வந்தது. அதன் முனைக்குக் கீழே அந்தப் பெண்ணின் கட்டைவிரல் பதிந்திருந்தது. நகத்தில் பச்சை கியூடெக்ஸ் பூசியிருந்தாள்.

"அந்த வெரலுக்கு அடியில நாமதாம்பா," என்று சஞ்சீவனி தகப்பனுக்குக் காட்டினாள்.

கறுப்பையா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "நல்லா இறுக்கித்தான் புடிச்சிருக்கு," என்றார்.

விரலை எடுக்கச் சொல்ல அவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்து முதல் தவணை போயிற்று.

செப்டெம்பரில் கப்பல் புறப்பட்டது. அது எங்கே வருகிறதென்று தொலைபேசியில் ஒரு சிறு புள்ளியாகப் பார்க்கலாம். ஒவ்வொரு நாளும் மாலையில் கறுப்பையா பாறைக்கு ஏறி, பக்கத்தில் நிற்கும் யாரிடமாவது தொலைபேசியைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். புள்ளி அசைவது தெரியாது. நேற்று இருந்த இடத்தில் இன்று இராது, அவ்வளவுதான். தேயிலைச் சரிவுகள் நீலமாகி, பிறகு கறுத்து, கண்டியில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படும் வரை அங்கேயே இருப்பார். அந்த வாரங்களில் தான் கண்ட கனவை அவர் எனக்குச் சொன்னார்: ஹந்தானை மலையைச் சுற்றிக் கடல் நிற்கிறதாம்; பனியென்று நினைத்ததெல்லாம் தண்ணீராம்; லயத்துப் படிக்கட்டில் ஒரு கப்பல் வந்து முட்டி, அதிலிருந்து ஒருவன் இறங்கி, "பெக்டரிக் கறுப்பையா வீடு எது?" என்று கேட்கிறானாம்.

"எதுன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"சொல்றதுக்குள்ள முழிச்சிட்டேங்க."

கப்பல் வந்தது. பெட்டிகள் வரவில்லை.

கொழும்பில் வேலையைப் பொறுப்பெடுத்திருந்த துறைமுகத் தரகர் தொலைபேசியில் பொறுமையாக விளக்கினார். "கடல்ல வர்றதுக்கு பெரிய காசில்ல மிஸ். கரையில ஏறத்தான் காசு. உங்க பெட்டி எட்டரை கியூபிக் மீட்டர் எடம் புடிச்சிருக்கு. அந்த அளவுக்குத்தான் எல்லாரும் பில் போடுவாங்க."

"உள்ள ஒண்ணுமே இல்லீங்களே. வெறும் காத்து."

"காத்தும் எடம் புடிக்குது தானே மிஸ்."

அதோடு இன்னொன்றும் இருந்தது. தொழிற்சாலை தன் பற்றுச்சீட்டில் பூகோள உருண்டை என்று எழுதாமல் மேசை விளக்கு என்று எழுதியிருந்தது. விளக்குக்கு வரி வேறு, பத்திரங்கள் வேறு. திருத்திய பற்றுச்சீட்டு வேண்டும். கேட்டு எழுதியபோது சீனத்தில் தேசிய விடுமுறை வாரம், தொழிற்சாலை பூட்டியிருந்தது. பச்சை நகப் பெண் ஏதோ ஒரு கடற்கரையில் நின்று, சிரிக்கும் முகமொன்றை மட்டும் அனுப்பினாள். உருண்டைகள் கொழும்புக் களஞ்சியத்தில் வாடகைக்கு இருந்தன. சஞ்சீவனி கடைக்குக் கொப்பி வாங்க வைத்திருந்த காசை எடுத்தாள். தட்டுகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. பிள்ளைகள் வந்து ஒற்றை றூல் கொப்பி கேட்டால் இல்லை என்பாள்.

ஒக்டோபர் 19, சனிக்கிழமை, லொறி கடுகண்ணாவை மலைப்பாதையில் ஏறி வந்து சேர்ந்தது. பெட்டிகள் கடையை நிறைத்து, எனது அறைக்கு ஏறும் படியையும் நிறைத்தன. மீதியை ஜீவன் லயத்துக்குக் கொண்டுபோனான். முதல் பெட்டியைச் சஞ்சீவனி திறந்தபோது உள்ளிருந்து வேறு ஊர்க் காற்று வந்தது. பெயின்ற் மணமும் ஈரக் கடதாசி மணமும் கலந்த காற்று. அறுநூறு உருண்டைகளுக்குள்ளும் சேர்த்து இரண்டரைக் கன மீற்றர் காற்று இருக்கும் என்று நான் பிறகு கணக்கிட்டேன். அவ்வளவு தூரம் கூலி கொடுத்துக் கூட்டி வந்த காற்று.

வயர்களின் நுனியில் இரண்டு தட்டைக் கால் பிளக் இருந்தது. நம் சுவர்களில் அது பொருந்தாது. நாற்பத்தொரு உருண்டைகள் பூமத்திய ரேகையில் பிளந்திருந்தன. அவற்றில் இருபத்தெட்டை ஒட்ட முடிந்தது. இவையெல்லாம் காசால் தீரக்கூடியவை. மற்றதை மறுநாள் கறுப்பையா கண்டுபிடித்தார்.

அன்று ஞாயிறு. கணக்குக் கொப்பியோடு நானும் லயத்துக்குப் போயிருந்தேன். வீட்டிலிருந்த பிளக் ஒன்றை மாற்றிப் பொருத்தி, ஜீவன் முதல் உருண்டையை எரியவிட்டான். மழை இருட்டில் இருந்த காம்பரா முழுவதும் நீலமாயிற்று. தகரக் கூரையில், அலுமாரிக் கண்ணாடியில், சாமிப் படங்களில் எல்லாம் கடல் படர்ந்தது. கறுப்பையா கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, இந்தியாவின் மேல் விரலை வைத்து, மெல்லக் கீழே இறக்கினார். விரல் முனையைத் தாண்டியது. நின்றது. மறுபடி மேலே போய், மறுபடி இறங்கியது.

"என்னாப்பா தேடுறீங்க?"

"நம்மளத்தான்."

சஞ்சீவனி குனிந்து பார்த்தாள். வேறொன்றை எடுத்தாள். இன்னொன்றை எடுத்தாள். இந்தியாவுக்குக் கீழே எல்லாவற்றிலும் வெறும் நீலம். தீவு இல்லை, அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி கூட இல்லை.

"கப்பல்லயே விட்டுட்டானுங்க போல," என்றான் ஜீவன்.

யாரும் சிரிக்கவில்லை என்று கண்டு அவன் தேநீர் வைக்கப் போனான். சஞ்சீவனி உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு தன் கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்தாள். எடுத்தாள். மீண்டும் வைத்தாள்.

"அந்தப் புள்ள வெரல வச்சிருந்துச்சே," என்றாள். "நாந்தான் அடியில இருக்கோம்னு நெனச்சேன்."

இந்த நாட்டில் யார் பூமி உருண்டையைக் கையில் எடுத்தாலும் முதலில் இலங்கையைத்தான் தேடுவார்கள். அதைக் கண்ட பிறகுதான் மற்ற நாடுகள். தீவில்லாத உருண்டையை ஒரு பள்ளிக்கூடமும் வாங்காது. தொழிற்சாலைக்கு எழுதினாள். தீவு அச்சடித்த ஒட்டுக் கடதாசி இலவசமாக அனுப்புவதாகப் பதில் வந்தது. நாற்பத்தைந்து நாள் ஆகும். அந்த நாட்கள் அவளிடம் இல்லை. கடைப் பெயின்றை எடுத்துப் பூசிப் பார்த்தாள். பகலில் நன்றாக இருந்தது. விளக்கைப் போட்டதும் தீவு கறுத்த பொத்தலாகத் தெரிந்தது.

தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவள், முன் கம்பியைப் பிடித்திருந்த பெண்ணின் விரல்களைப் பார்த்தாள். மாலை வெயில் அந்த நகப்பூச்சினூடே தெரிந்ததாம். சீனத்துப் பெண்ணின் பச்சை நகம் அப்போதுதான் திரும்ப ஞாபகம் வந்தது என்றாள். கட்டுக்கலையில் இறங்காமல் அப்படியே போய்த் திகனை பஸ்ஸில் ஏறினாள்.

"முப்பத்தொரு குப்பியா?" என்றார் றுமைஸா. "என்ட கடையில பச்சை எடுக்க ஆளில்லாம ஈக்கி. பேய்ட நகம் மாதிரி ஈக்கிதாம். முழுக்க உங்களுக்குத்தான் வந்தீக்கி போல. எத்தின விரல் தங்கச்சி உங்களுக்கு?"

"ஐந்நூத்தி எண்பத்தேழு தாத்தா."

விஷயத்தைக் கேட்ட பிறகு றுமைஸா சிரிப்பை அடக்கிக்கொண்டு, குப்பிக்கு எழுபது ரூபாய் குறைத்தார். "நான் பூ எறக்கினப்போ எல்லாப் பூவும் ஒரே வாசம் அடிச்சிச்சி, மண்ணெண்ண வாசம். ஆறு மாசம் கடைக்கு வெளியில தொங்கப் போட்டேன். உங்களுக்கு ஒரு தீவுதானே போயீக்கி. செஞ்சிரலாம்."

ஜீவன் ஆஸ்பத்திரியில் கழித்துப் போட்ட பழைய எக்ஸ்ரே படங்களைக் கேட்டு வாங்கி வந்தான். அவற்றில் பிளேட்டால் தீவின் வடிவை வெட்டினார்கள். யாரோ ஒருவரின் விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு துளி போன்ற வெளி. அந்தப் படத்தை இந்தியாவின் முனையோடு பொருத்திப் பிடித்து, கியூடெக்ஸ் தூரிகையால் ஒரு தடவு. காய்ந்ததும் விளக்கைப் போட்டால் கடலில் ஒரு பச்சை ஒளி எழும். கை அசைந்த இடத்தில் தீவு கொஞ்சம் தடித்தது. சிலவற்றில் வால் முளைத்தது.

நவம்பர் முழுவதும், பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்த பிறகு, பக்கத்துக் காம்பராப் பெண்களும் வந்தார்கள். மழை நின்ற மாலைகளில் வாசல் வரிசை முழுவதும் உருண்டைகள் காயவைத்திருக்கும். சோதித்துப் பார்க்க ஜீவன் ஒவ்வொன்றாக எரியவிடுவான். கீழே பாதையில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். மலைச்சரிவில், பனிக்குள், நீல நிலாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்து அணைவது போல இருக்குமாம். லயம் முழுவதும் கியூடெக்ஸ் வாசம். பெண்கள் எல்லோருடைய கையிலும் ஒரே ஒரு நகம் பச்சையாக இருந்தது.

"இந்தா, யாழ்ப்பாணத்த கொஞ்சம் நீட்டிட்டேன்," என்றாள் ஒருத்தி.

"பரவால்ல, கண்டி இருக்கா பாரு."

"இருக்கு. ஹந்தானதான் தெரியல."

"பனி," என்றார் டவுசர் கறுப்பையா மூலையிலிருந்து.

கறுப்பையா ஒரு மாலை தன் சுண்டுவிரல் நகத்தை இந்தியாவுக்கும் தீவுக்கும் நடுவே வைத்து அளந்தார். நகம் அந்தக் கடலை விட அகலமாக இருந்தது. "எங்க பாட்டன் இதத் தாண்டத்தான் தோணியில ஒரு ராத்திரி பூரா வாந்தி எடுத்தாராம்," என்றார். பிறகு விரலை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். பூச்சு இன்னும் காயவில்லை.

உருண்டைகள் விற்றன, எல்லாம் அல்ல. அடக்க விலை எண்ணூற்று எழுபதாக இல்லை. உடைந்ததைக் கழித்துப் பார்த்தால் ஒன்று ஆயிரத்து ஐந்நூற்று ஐம்பத்தாறு ரூபாய் முப்பத்தொன்பது சதம். தொழிற்சாலை விலைக்கும் கடல் கூலிக்கும் மேல் போனது மூன்று லட்சத்து தொண்ணூற்றோராயிரத்து எண்ணூற்று எண்பது. பள்ளிக்கூடங்களுக்குத் தோளில் சுமந்துகொண்டு போனாள். ஓர் ஆசிரியர் அளவுகோல் வைத்துப் பார்த்தார்.

"இலங்கை பெரிசா இருக்கே பிள்ளை. இந்த அளவுக்குப் பார்த்தால் தமிழ்நாட்டையே விடப் பெரிசா வரும்."

"நம்ம நாடு தானுங்களே சேர்."

அவர் பத்து வாங்கினார். இன்னொரு பள்ளிக்கூடத்தில் சரியான வரைபடமாக இருந்தால்தான் வாங்கலாம் என்று திருப்பி அனுப்பினார்கள். டிசம்பர் ஒன்பதாம் திகதி நொத்தாரிசின் இரண்டாவது கடிதம் வந்தது. தவணை நாளை நினைவூட்டி நான்கு வரிகள். டிசம்பர் 30 வரை விற்றவை நானூற்று முப்பது. கடைத் தட்டுகளை மறுபடி நிரப்பக் கொப்பி வாங்கியது போகக் கையில் எட்டு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். தேவைப்பட்டது பதினான்கு லட்சம்.

மறுநாள் பின்னேரம் சஞ்சீவனியும் ஜீவனும் பத்மாதேவியின் வீட்டுக்குப் போனார்கள். எண்களைச் சொல்ல நான் கூடவே போனேன். வீட்டில் சாமான்கள் இல்லை; நான்கு கதிரைகளும் திறந்தபடி இரண்டு சூட்கேசுகளும் மட்டும் இருந்தன. சஞ்சீவனி காசையும் ஓர் உருண்டையையும் மேசையில் வைத்தாள். இருப்பதை இருக்கிறபடி சொன்னாள்.

பத்மாதேவி காசைப் பார்க்கவில்லை. உருண்டையைச் சுவரில் செருகி எரியவிட்டு, சுற்றினார். முதலில் இலங்கை. பிறகு வெகுநேரம் சுற்றி, கனடா.

"இவ்வளவு தூரமோ," என்றார். "பிள்ளையள் போனில கதைக்கேக்க பக்கத்து அறையில இருக்கிற மாதிரி. நான் நாப்பது வருஷம் ஆஸ்பத்திரியில ஊசி போட்டன், பிள்ளை. என்ர கையில ஒரு நாளும் இப்பிடி ஒரு சாமான் வரேல்லை."

"மிஸ், காணி..."

"ஓம், கேட்டனான். பக்கத்து வளவுக்காரர் முழுக்காணியையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். பலா மரத்தில அவருக்கு ஒரு கண். அந்தப் பக்கம் மூண்டு பேர்ச்சை அவருக்குக் குடுப்பம். மிச்சம் ஏழு உங்களுக்கு. காசு காணுமோ?"

நான் சொன்னேன்: ஏழு பேர்ச் பன்னிரண்டு லட்சத்து அறுபதாயிரம், முற்பணம் போக எட்டு லட்சத்து அறுபதாயிரம், போதும்.

"ஆனால் ஒண்டு," என்றார் பத்மாதேவி. "காணியைப் பிரிக்கிறதுக்குப் பிரதேச சபை ஓமெண்ட வேணும். சின்னத் துண்டெண்டு மாட்டனெண்டால் முழுக்க அவருக்குத்தான். உங்கட காசு ஒரு சதம் குறையாமல் திரும்பி வரும், காணி வராது. நான் தை பத்தில போறன். நொத்தாரிசிட்டை அதிகாரம் குடுத்திட்டுப் போறன். சம்மதமோ?"

சஞ்சீவனி ஜீவனைப் பார்த்தாள்.

"பலாக்கொட்டை ஒனக்குத்தான் புடிக்காதே," என்றான் ஜீவன்.

"சம்மதங்க மிஸ்."

போகும்போது உருண்டையைக் கனடாவுக்குக் கொண்டுபோகச் சொன்னாள். பத்மாதேவி சூட்கேசில் வைத்துப் பார்த்தார், மூடி மூடவில்லை. சேலைகளை எடுத்துவிட்டு வைத்தார், அப்போதும் மூடவில்லை. "காத்துக்கு இடமில்லை பிள்ளை," என்று திருப்பிக் கொடுத்தார்.

ஜனவரியில் நில அளவையாளர் வந்து நான்கு மூலைகளிலும் கல் நட்டார். புதிய எல்லை பலா மரத்தின் வேரைத் தொட்டுக்கொண்டு போயிற்று. வரைபடம் பிரதேச சபைக்குப் போனது. நொத்தாரிசு கந்தோரில் முடிவை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று கேட்டபோது, சஞ்சீவனி கடை விலாசத்தைக் கொடுக்கவில்லை.

"இலக்கம் நாப்பத்தொண்ணின் கீழ் மூணு, கலஹா வீதி."

"அங்க வீடில்லையே," என்றார் எழுதுவினைஞர். "கடிதம் திரும்பி வந்துடும்."

"ஆள் இருப்பாங்க."

ஆள் இருந்தார். கறுப்பையா வேலையிலிருந்து நின்றவர். ஹந்தானையிலிருந்து இறங்கி வர அவருக்கு நேரமிருந்தது. கிழமை நாட்களில் கத்தியும் தேநீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு காணிக்கு வருவார். ஒரு பகுதி புல் வெட்டுவார். பிறகு வீதிப் பக்கம் ஒரு கல்லில் அமர்ந்து தபால்காரரின் சைக்கிளைப் பார்த்திருப்பார். மகாவலி ஆற்றுப் பக்கமிருந்து பனி ஏறி வரும் காலைகளில் வீதி தெரியாது. மணிச் சத்தம் மட்டும் கேட்கும். அது நெருங்கி, கடந்து, தேய்ந்து போகும். ஜனவரி போயிற்று. பெப்ரவரி போயிற்று. கடையில் மிஞ்சிய உருண்டைகள் ஒன்றிரண்டாகக் குறைந்தன. சஞ்சீவனி ஞாயிறுகளில் கணக்குக் கேட்கும்போது காணியைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு தரம் மட்டும், "ஏழு பேர்ச் ரொம்ப சின்னதாங்கய்யா?" என்று கேட்டாள். கூடத்துக்கும் ஓர் அறைக்கும் குசினிக்கும் போதும் என்றேன். "கடிதப் பெட்டிக்கு?" என்றாள்.

மார்ச்சில் ஒரு காலை மணிச் சத்தம் கடந்து போகாமல் நின்றது. பனிக்குள்ளிருந்து தபால்காரர் தமிழில், சிங்களம் கலந்து, "நாப்பத்தொண்ணு பை மூணு கவுத?" என்று ஆள் யாரெனக் கேட்டார். கறுப்பையா கல்லிலிருந்து எழுந்து நின்றார். பதிவுத் தபால் என்பதால் கையெழுத்து வேண்டும். தன் பெயரை முழுதாக எழுதினார். எந்தக் கறுப்பையா என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

அவர் உறையைப் பிரிக்கவில்லை. சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறி, கட்டுக்கலைக்கு வந்து, மகளின் கையில் கொடுத்தார். சஞ்சீவனி நின்றபடியே வாசித்தாள். பிறகு என்னிடம் தந்தாள். பிரதேச சபை பிரிவினையை அங்கீகரித்துவிட்டது. ஏழு பேர்ச்சுக்கான உறுதிப் பத்திரம் அவள் பெயரில் பதிவாகிவிட்டது. இந்த விடயத்தில் தம்மிடமிருந்து இதுவே இறுதிக் கடிதம் என்று நொத்தாரிசு எழுதியிருந்தார். அவள் உறையை மட்டும் திருப்பி வாங்கி, விலாசம் எழுதிய பக்கத்தைக் கண்ணாடி அலுமாரிக்குள், எரிந்துகொண்டிருந்த உருண்டையில் சாய்த்து வைத்தாள். உறையின் மேல் மூலையில் பேராதனைத் தபால் கந்தோரின் முத்திரை இருந்தது: 2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை.